கணினியில் கூடுதல் விசிறி பொருத்தக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

மேசைக் கணினியின் கேபினெட்டில் கூடுதலாக ஒரு விசிறி பொருத்தக் கொடுத்து நான் ஏமாற்றப்பட்டேன். நான்கு பின் (இணைப்பு முனை) கொண்ட, வெப்பத்துக்கேற்ப வேகம் மாறும் பி.டபிள்யூ.எம். விசிறி என்று வாய்மொழியாக உறுதியளித்து, அதற்குரிய விலையையும் வாங்கிக்கொண்ட பழுதுபார்ப்புக் கடைக்காரர், இரண்டே வயர்கள் உள்ள மலிவான விசிறியை மாட்டியதோடு, அதையும் தலைகீழான திசையில் பொருத்தி அனுப்பிவிட்டார். அது சுற்றுவதைக் கண்ணால் பார்த்த எவருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

கிராபிக்ஸ் கார்டு அதிகமாகச் சூடாகிறது என்பதால், வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் 120 மி.மீ. விசிறி ஒன்றை முன்பக்கத்தில் பொருத்தித் தரும்படி கேட்டிருந்தேன். கணினி வீட்டுக்கு வந்ததும், எந்த வேலையும் ஓடாத நேரத்திலும் ஒரே சீரான இரைச்சல் கேட்டது; கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் புதிய விசிறியின் வேகம் காட்டப்படவேயில்லை. பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தபோதுதான், அதன் வயர்கள் பவர் சப்ளையிலிருந்து வரும் மோலெக்ஸ் இணைப்பில் நேரடியாகச் செருகப்பட்டிருந்தது தெரிந்தது. அப்படிச் செருகினால் விசிறிக்கு எப்போதும் முழு 12 வோல்ட் போவதால், அது ஓய்வின்றி உச்ச வேகத்திலேயே ஓடும். மூன்றாவது வயர் இருந்தால்தான் கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டு அதன் வேகத்தை அறிய முடியும். நான்காவது வயர், வெப்பத்துக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டளையைக் கொண்டுசெல்வது. நான் பணம் கொடுத்தது அந்த நான்காவது வயருக்காகத்தான்.

மதர்போர்டில் இடமில்லை என்று கடைக்காரர் சமாதானம் சொன்னார். ஆனால் கேபினெட் விசிறிக்கென்றே உள்ள நான்கு பின் இணைப்பு ஒன்று, யாரும் தொடாமல் காலியாகவே இருந்தது. உண்மையிலேயே இடமில்லாவிட்டாலும், ஒரே இணைப்பிலிருந்து இரண்டு விசிறிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் வயர் கிடைக்கிறது. பல மதர்போர்டுகளில் ஓர் இணைப்பு 1 ஆம்பியர் வரை தாங்கும், சாதாரண 120 மி.மீ. விசிறி அதில் பாதியைக்கூட எடுப்பதில்லை.

இதைவிடக் கெடுதலானது திசை. பெரும்பாலான விசிறிகளில் மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் எந்தப் பக்கம் இருக்கின்றனவோ அந்தப் பக்கமாகவே காற்று வெளியேறும். என் கணினியில் அந்தச் சட்டங்கள் வெளிப்புறம் பார்த்திருந்தன. ஒரு மெல்லிய டிஷ்யூ தாளை முன்பக்க வலையின் அருகே பிடித்தேன். உள்ளிழுக்கப்பட்டு வலையில் ஒட்ட வேண்டிய தாள், என் பக்கமாகப் பறந்தது. பின்பக்க விசிறி ஏற்கெனவே காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்ததால், இரண்டும் சேர்ந்து உள்ளிருந்த காற்றை வெளியே தள்ள, தூசி வடிகட்டியைத் தவிர்த்துவிட்டு இண்டு இடுக்கெல்லாம் தூசியோடு காற்று நுழைந்தது. கிராபிக்ஸ் கார்டின் வெப்பநிலை முன்பிருந்ததைவிடக் கூடித்தான் போனது.

திரும்பக் கொண்டுபோய்க் காட்டியபோது, "ஃபேன் சுத்துதுல்ல சார், அப்புறம் என்ன?" என்றார். மூடியின் மேல் தாங்கள் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் கிழிந்துவிட்டதால் உத்தரவாதமும் இல்லையாம். திருப்பி மாட்டித் தருவதற்குத் தனிக் கூலி வேண்டுமாம். தாங்கள் செய்த தவற்றைத் திருத்துவதற்கே கூலி கேட்பவரிடம் மேலும் பேச்சுக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நான்கு திருகுகள்தாம், நானே கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டேன்.

ஆகவே, கணினியைக் கையில் வாங்கும் முன், மூடியைத் திறந்த நிலையிலேயே கடையில் இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். வயர் எங்கே செருகப்பட்டிருக்கிறது என்று பாருங்கள், தாளைப் பிடித்துத் திசையைச் சோதியுங்கள், பயாஸில் வேகம் தெரிகிறதா என்று கேளுங்கள். இவற்றைச் செய்து காட்டத் தயங்கும் கடையில் பணத்தைக் கொடுக்காதீர்கள். விசிறியின் மாடல் எண்ணையும் எத்தனை பின் என்பதையும் பில்லில் கட்டாயம் எழுதி வாங்குங்கள். என் பில்லில் "கேபினெட் விசிறி, பொருத்தும் கூலி உட்பட" என்று மட்டுமே எழுதியிருந்தார்கள்; விலை வித்தியாசத்தைத் திருப்பிக் கேட்டபோது அந்த ஒரு வரியைத்தான் காட்டி மறுத்தார்கள்.