பழையதை எழுப்புவதா, கிளை பிரிப்பதா?

வியாசர்பாடியிலும் ராயபுரத்திலும் கானா பாடும் பிள்ளைகளுக்குக் கணினியில் ஒலி நிரலாக்கம் கற்றுக்கொடுக்க, தமிழில் கையாளக்கூடிய கட்டற்ற மென்பொருள் வேண்டும் என்று எங்களிடையே பேச்சு நடக்கிறது. பெட்டிகளை வரைந்து கோடுகளால் இணைத்தால் ஒலி பிறக்கும் பியூர் டேட்டாதான் அடித்தளம். 1990களில் மில்லர் பக்கெட் எழுதியது. அதில் யாருக்கும் மறுப்பில்லை. அதன் வழிவந்த பிடி-எக்ஸ்டெண்டடுக்கு மறுபடி உயிர் கொடுக்கலாம் என்கிறது ஒரு கட்சி. அதே வழியில் வந்த இன்னொரு மென்பொருளான பர் டேட்டாவிலிருந்து கிளை பிரிக்கலாம், அதாவது அதன் நிரலைப் பிரதியெடுத்து எங்களுக்கேற்ற தனிப் பதிப்பாக வளர்க்கலாம் என்கிறது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி.

எக்ஸ்டெண்டடை நிறுவினாலே ஏராளமான நூலகங்கள், அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்தப் பெட்டிகளின் தொகுப்புகள், கூடவே வந்துவிடும். பழைய விலையில்லா மடிக்கணினிக்கும் அது பாரமில்லை. ஆனால் 2013இல் 0.43.4 பதிப்போடு நின்றுவிட்டது. பலர் எழுதிய நூலகங்களை விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் ஓயாமல் பொருத்தும் வேலை, பெரும்பாலும் ஹான்ஸ்-கிறிஸ்டோஃப் ஸ்டெய்னர் என்ற ஒருவர் தலையிலேயே விழுந்தது. பிழைப்பு போக மிஞ்சும் நேரத்தில் நாலு பேர் கூடி அதைச் சுமப்பது நடக்காத காரியம். ஆசை மட்டும் போதாது.

பர் டேட்டா, எக்ஸ்டெண்டடிலிருந்து பிரிந்த பிடி-எல்2ஆர்க் என்ற கிளையின் வாரிசு. ஜோனதன் வில்க்ஸ் உருவாக்கியது. ஆகவே அந்த நூலகங்களில் பெரும்பகுதி இங்கேயும் உண்டு.

என் மனத்தை முடிவாகத் திருப்பியது எழுத்து. ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் ‘டோலக்’ என்று குறிப்பு எழுத வேண்டும் என்று வையுங்கள். இரட்டைக்கொம்பு ‘ட’வுக்கு முன்னாலும் கால் பின்னாலும் நிற்க வேண்டும். எக்ஸ்டெண்டடின் திரை டிக்கே என்ற பழைய கருவித்தொகுப்பால் ஆனது. லினக்ஸில் அது தமிழைக் கோத்துக் காட்டுவதில்லை, கொம்பு இடம் மாறிவிடும். பர் டேட்டாவின் திரையோ குரோமியம் உலாவியின் பொறியில் இயங்குகிறது. இணையப் பக்கத்தில் தமிழ் எப்படித் தெரிகிறதோ அப்படியே தெரியும். தன் வாத்தியத்தின் பெயரைக்கூடப் பிழையில்லாமல் பார்க்க முடியாத கருவியை ஒரு பிள்ளையிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒலியில் பேதமில்லை. கணினி ஒலியை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்த எண்களாக, அதாவது மாதிரிகளாக, வைத்திருக்கும். இரண்டும் 64 மாதிரிகள் கொண்ட துண்டுகளாகவே ஒலியைக் கணக்கிடுகின்றன. நொடிக்கு 44,100 மாதிரிகள் என்றால் ஒரு துண்டு சுமார் 1.45 மில்லிநொடி. டோலக் அடியை மைக் வழியாகக் கேட்டுப் பிடிக்கும் ‘பாங்க்’ (bonk~) பெட்டியும் இரண்டிலும் இருக்கிறது.

உலாவிப் பொறி நினைவகத்தை நிறைய விழுங்கும் என்ற குறை நியாயமானது. அதற்கு வழி உண்டு: நல்ல கணினியில் வரைந்து முடித்து, மேடையில் பழைய மடிக்கணினியில் திரை இல்லாமல் ஓட்டலாம். அதற்கென்றே ஒரு கட்டளைத் தெரிவு இருக்கிறது.

கிளை பிரித்தாலும் எங்கள் மாற்றங்கள் கொஞ்சமாக இருக்க வேண்டும். திருத்தங்களை மூலத் திட்டத்துக்கே அனுப்பிவிட வேண்டும். இல்லையென்றால் எக்ஸ்டெண்டடுக்கு நேர்ந்ததுதான் இதற்கும். முதலில் ‘பாங்க்’ பெட்டியின் உதவிப் பக்கத்தைத் தமிழாக்குவோம்.