மூணாறு மேட்டில் ஃபிட்னஸ் பேண்ட்: எந்த எண்ணை நம்பலாம்?

மூணாறு, தேவிகுளம் எஸ்டேட்டுகளில் ஃபிட்னஸ் பேண்ட் கட்டுபவர்கள் முதலில் பார்ப்பது ஸ்டெப் கணக்கை. மேட்டு வேலையில் எளிதாகத் தவறுவதும் அதுதான். பேண்டுக்குக் கால் தெரியாது. உள்ளே இருக்கும் ஆக்சிலரோமீட்டர் என்ற அசைவு உணரி கையின் அசைவை வைத்தே எண்ணுகிறது. தலையில் கொழுந்து மூட்டையைப் பிடித்தபடி இறங்கினால் நடை விட்டுப்போகும். ஒரே இடத்தில் நின்று கொழுந்தெடுத்தாலும், ஜீப்பில் குலுங்கிப் போனாலும் ஸ்டெப் ஏறலாம்.

வாங்கியதும் சோதித்துவிடுங்கள். கையை வீசி 100 ஸ்டெப் எண்ணி நடந்து பாருங்கள். 95 முதல் 105 வரை காட்டினால் போதும். பிறகு குடை பிடித்தபடி அதே 100 ஸ்டெப். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று தெரிந்துவிடும்.

இதயத்துடிப்பை ஓரளவு நம்பலாம். தோலுக்குள் பச்சை ஒளியைப் பாய்ச்சி, ரத்தம் ஏறி இறங்குவதைப் படிக்கிறது. ஜனவரிக் காலைக் குளிரில் தோலடி ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் எண் தாறுமாறாகக் குதிக்கும். ஸ்வெட்டர் கையை பேண்ட் மேல் இழுத்துவிட்டு, பத்து நிமிடம் நடந்தபின் பாருங்கள். மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, நழுவாத அளவுக்குக் கட்ட வேண்டும். பச்சை குத்திய கை என்றால் மை ஒளியை மறைக்கும். மறு கையில் கட்டுங்கள். இறக்கத்தில் வேகமாக வரும்போது திடீரென்று 160 காட்டினால் சந்தேகப்படுங்கள்: சில நேரம் பேண்ட் நாடியை விட்டுவிட்டு நடையின் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் உண்மை தெரியும்.

கலோரி எண்ணை ஒதுக்கிவிடுங்கள். 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஏழு கருவிகளைச் சோதித்தது. ஆறில் இதயத்துடிப்புப் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தது. கலோரியில் மிக நல்ல கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம். தலையில் எத்தனை கிலோ என்று பேண்டுக்குத் தெரியவே தெரியாது. அதை நம்பி புரோட்டாவைக் கூட்டவும் வேண்டாம், கஞ்சியைக் குறைக்கவும் வேண்டாம்.

பேண்ட் காட்டும் ரத்த ஆக்சிஜன் சதவீதம் மருத்துவக் கணக்கல்ல. மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால், திரையில் 98 என்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

உண்மையில் காசுக்குப் பலன் தருவது ஓய்வு நேரத் துடிப்பு. தினமும் எழுந்ததும் பாருங்கள். வழக்கமாக 65 இருப்பவருக்கு மூன்று நாள் தொடர்ந்து 75 என்றால் காய்ச்சலா, தூக்கக் குறைவா என்று கவனிக்க வேண்டும். மழைக்காலத்தில் ராத்திரி பேண்டைக் கழற்றி, தோலையும் ஸ்ட்ராப்பையும் நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். ஈரம் தங்கினால் அரிப்பு வரும்.