பிறந்த பிள்ளைக்குக் காது கேட்கிறதா: ஆச்சியின் தட்டா, ஓஏஇயா, பெராவா?

தங்கச்சிக்கு எட்டாம் மாதத்திலேயே பிள்ளை பிறந்துவிட்டது. பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் 11 நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தான். மஞ்சள் ஏறி ரத்தமும் மாற்றினார்கள். வீட்டுக்கு வந்ததும் ஆச்சி வெண்கலத் தட்டைக் கரண்டியால் தட்ட, பிள்ளை திடுக்கிட்டான். "நல்லா கேக்குல்லா!" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆச்சியின் ஆசை புரிகிறது. ஆனால் அந்தச் சத்தத்துக்குப் பாதி கேட்கும் பிள்ளையும் திடுக்கிடும். கை அசைவதைப் பார்த்தும் திரும்பும். ஒரு காது மட்டும் கேட்காவிட்டால் இதில் தெரியவே தெரியாது.

ஓஏஇ (OAE) சோதனை என்பது காதில் சின்ன முனையை வைத்துச் சத்தம் அனுப்பி, உள்காதின் மயிர்ச் செல்கள் திருப்பித் தரும் மெல்லிய ஒலியைப் பதிவது. சில நிமிடத்தில் முடியும், செலவும் குறைவு. பிறந்த முதல் நாளில் காதில் பிள்ளையின் மேல் ஒட்டி வரும் வெள்ளை மாவும் நீரும் இருந்தால் 'ரெஃபர்', அதாவது மேலும் சோதிக்க வேண்டும் என்று காட்டும். பயப்படாமல் மறுபடி எடுக்கலாம். நிறைமாதத்தில் நலமாகப் பிறந்த பிள்ளைக்கு இது போதும்.

எங்கள் பிள்ளைக்குப் போதாது. மஞ்சள் மிகவும் ஏறினால் காது நரம்பையும் மூளைத்தண்டையும் தாக்கும். உள்காது நன்றாக இருப்பதால் ஓஏஇ 'பாஸ்' ஆகிவிடும். சத்தம் மூளைக்கு ஒழுங்காகப் போகாது. பெரா (BERA) சோதனை காதிலிருந்து மூளைத்தண்டு வரை சத்தம் போகும் அந்த வழியைத்தான் பார்க்கிறது. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் பசை தடவி வயர் ஒட்டுவார்கள். பிள்ளை தூங்க வேண்டும், அதுதான் பாடு. தங்கச்சி பால் கொடுத்துத் தோளில் போட்டுத் தட்ட, வயர் ஒட்டியதும் விழித்துவிட்டான்; மூன்றாம் தடவைதான் முடிந்தது. ஓஏஇயில் இரண்டு காதும் பாஸ் ஆனவனுக்கு, இந்த முதல் கட்ட பெராவில் இரண்டும் ரெஃபர்.

5 நாளுக்கு மேல் ஐசியூவில் இருந்த பிள்ளைக்கு அலைச்சல் பார்க்காமல் பெரா எடுங்கள். ஜென்டாமைசின், அமிகாசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி 5 நாளுக்கு மேல் போட்டது, பிறந்ததும் மூச்சுத் திணறியது, மூளைக்காய்ச்சல், கர்ப்பத்தில் தாய்க்கு ருபெல்லா, குடும்பத்தில் பிறவியிலேயே காது கேளாதவர் இருப்பது, எல்லாமே ஆபத்துக் காரணங்கள். தாய்மாமனையும் அத்தை மகனையும் கட்டும் நம் பக்கத்தில் சொந்தக் கல்யாணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

1 மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் முடிவு, 6 மாதத்துக்குள் சிகிச்சை என்பது கணக்கு. பாஸ் ஆனாலும் இந்தப் பிள்ளைகளுக்கு 9 மாதத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். எங்களுக்கு, எவ்வளவு கேட்கிறது என்று விவரமாகப் பார்க்கும் முழு பெராவுக்குத் தேதி கிடைத்திருக்கிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் வெறும் 'பாஸ்' என்றுதான் எழுதியிருந்தார்கள். உங்கள் சீட்டிலும் அப்படி இருந்தால், ஓஏஇயா பெராவா, எந்த மெஷினில் என்று அங்கேயே கேளுங்கள்.