ஒரே கடல், இரண்டு வரலாற்றாசிரியர்கள்

மத்தியதரைக் கடலின் வரலாற்றுக்கே வாழ்நாளைக் கொடுத்த இருவர், ஃபெர்னான் பிரோதெலும் எஸ். டி. கொய்தைனும். இருவரும் மறைந்தது 1985இல்.

பிரோதெல் எட்ட நின்று பார்த்தவர். அல்ஜீரியாவில் பள்ளி ஆசிரியர், சாவோ பாவ்லோவில் பேராசிரியர், 1940 முதல் ஜெர்மானியரின் போர்க்கைதி. ஆய்வேட்டின் பெரும்பகுதியை முகாமில் பள்ளி நோட்டுகளில் நினைவிலிருந்தே எழுதினார். 1949இல் வெளிவந்த அந்த நூலில் மலைகளும் கடல்வழிகளும் முதலில் வருகின்றன. மன்னர்களுக்குக் கடைசி இடம்தான்.

கொய்தைன் குனிந்து பார்த்தவர். பழைய கெய்ரோவின் யூதத் தொழுகைக்கூடத்தில் கெனிஸா என்ற அறை, பயன்பாடு முடிந்த எழுத்துத் தாள்களைப் போட்டுவைக்கும் இடம். அங்கே குவிந்துகிடந்த தாள்களே அவருடைய உலகம். எபிரேய எழுத்தில் அரபு மொழி, கிழிந்த ஓரங்கள், மங்கிய மை. ஒரு தாளில் மணமகளின் சீர்வரிசைப் பட்டியல். இன்னொன்றில் மலபார் மிளகு வணிகம். 57 வயதில் அமெரிக்காவுக்குப் பெயர்ந்தவர், 67ஆம் வயதில்தான் தம் பெருநூலின் முதல் தொகுதியை வெளியிட்டார். ஐந்தாவது தொகுதி அவர் மறைந்த பிறகே வந்தது.

பிரோதெலின் வீச்சு வியக்க வைக்கிறது. ஆனால் அங்கே மனிதக் குரல் மெலிந்துவிடுகிறது. ஆய்வுக்கு வரும் இளைஞர் கேட்டால் கொய்தைனின் வழியையே சொல்வேன். மொழிகளைக் கற்பதிலேயே பல ஆண்டுகள் போய்விடும். போகட்டும், சரக்கு வந்து சேரவில்லையே என்று தவித்த வணிகரின் கடிதத்தை அந்த இளைஞரே நேரில் படிப்பார்.