பேட்டரி நல்ல பேட்டரிதான், மாட்டிய விதம்தான் சரியில்லை: மூன்று வருடக் கதை

2022 ஜூனில் திருச்சியில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் காருக்குப் பேட்டரி வாங்கினேன். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே இவ்வளவு நாள் போய்விட்டது. கடையின் பெயரையோ பேட்டரி கம்பெனியின் பெயரையோ போடப்போவதில்லை. கம்பெனி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அது வேறு விஷயம், படித்தால் புரியும்.

வண்டி 2013 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். கம்பெனியிலிருந்து வரும்போது அதில் இருந்தது டிஐஎன் 44 என்ற அளவு வகை பேட்டரி. உயரம் குறைவு, வயர் மாட்டும் டெர்மினல் போஸ்ட் தடிமன், அடியில் உதடு மாதிரி ஒரு விளிம்பு இருக்கும், அந்த விளிம்பைத்தான் ட்ரேயில் இருக்கும் கிளாம்ப் அழுத்திப் பிடிக்கும். இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது பேட்டரி என்றால் கறுப்பாக, கனமாக இருக்கும் என்பது மட்டும்தான்.

கடையில் டிஐஎன் ஸ்டாக் இல்லை. கல்லாவில் இருந்தவர், "இது 35 ஏ.ஹெச். சார், உங்க வண்டிக்குத் தாராளமா போதும், நூத்துக்கணக்குல மாட்டியிருக்கோம்" என்று 38பி20எல் என்று அச்சிட்ட வேறு வகைப் பேட்டரி ஒன்றை எடுத்துக் காட்டினார். ஏ.ஹெச். என்பது ஆம்பியர்-ஹவர், பேட்டரியின் கொள்ளளவு. பழைய பேட்டரியைக் கொடுத்தது போக 3,900 ரூபாய். பில் வேண்டாம் என்றால் இன்னும் 300 குறைக்கிறேன் என்றார். நல்ல வேளை, பில் கேட்டு வாங்கினேன். இந்தக் கதையில் நான் புத்தியாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

மாட்ட ஒரு பையன் வந்தான். பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து நேராக பாசிட்டிவ் பக்கம் கழற்ற ஆரம்பித்தான். ஸ்பேனரின் மறுமுனை பக்கத்துத் தகட்டில் பட்டு 'படார்' என்று பொறி பறந்தது. "ஒண்ணும் இல்ல சார்" என்றான். ஒன்றும் இல்லாமல் இல்லை. காரின் பாடி முழுக்க நெகட்டிவ், எர்த். அதனால் கழற்றும்போது நெகட்டிவை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்ட வேண்டும். அப்படிச் செய்தால் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் கவலை இல்லை. ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது, வண்டி ஸ்டார்ட் ஆனது, 50 ரூபாய் டிப்ஸ் வேறு கொடுத்தேன்.

முதல் மூன்று மாதம் பிரச்சினை எதுவும் இல்லை. அப்புறம் ஒருநாள் காலையில் சாவியைத் திருப்பினால் 'டொக்' என்று ஒரே ஒரு சத்தம். எஞ்சினைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் செல்ஃப் மோட்டார் சுற்றவில்லை. ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, ஹாரன் ஊரையே எழுப்புகிறது, செல்ஃப் மட்டும் மௌனம். நாலைந்து முறை திருப்பியதும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிவிட்டது. மாதத்துக்கு ஒரு முறை இப்படி வந்தது வாரத்துக்கு ஒரு முறை ஆனது. டாஷ்போர்டு கடிகாரம் அவ்வப்போது 12:00க்குப் போய் நிற்கும். ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கினால் சில நேரம் ஸ்டீரியோ அணைந்து எரியும்.

அதே கடைக்குப் போனேன். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "12.6 காட்டுது சார், பேட்டரி கல்லு மாதிரி இருக்கு, செல்ஃப் மோட்டாரைப் பாருங்க" என்றார்கள். மெக்கானிக்கிடம் போனேன். அவரும் மீட்டர் வைத்தார், அவருக்கும் 12.6 வோல்ட், அதாவது முழு சார்ஜ். செல்ஃப் மோட்டாரை இறக்கி கார்பன் பிரஷ் மாற்றினார், 1,800 ரூபாய். பத்து நாள் நன்றாக இருந்தது, திரும்பவும் டொக். அடுத்து, வண்டி ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டர் மேல் சந்தேகம் வந்தது, அதற்கு 2,200. அப்புறம் இக்னிஷன் சுவிட்ச். ஒவ்வொரு தடவை வேலை பார்த்த பிறகும் சில நாள் நன்றாக ஓடியதுதான் என்னை ஏமாற்றியது. எந்த வேலைக்கும் முதலில் பேட்டரி வயரைக் கழற்றுவார்கள், கடைசியில் மாட்டி முறுக்குவார்கள், அந்த முறுக்கில்தான் பத்து நாள் ஓடியிருக்கிறது. இது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

2023 அக்டோபரில் மதுரையில் ஒரு கல்யாணம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். துவரங்குறிச்சியில் டீ குடிக்க நிறுத்தினேன். குடித்து முடித்து சாவியைத் திருப்பினால் அந்த டொக் கூட இல்லை. பட்டுப்புடவையோடு அம்மா காரில் உட்கார்ந்திருக்க, டீக்கடைக்காரரும் இரண்டு பேரும் தள்ளியும் பிடிக்கவில்லை. கடைசியில் டீக்கடைக்காரர்தான் பக்கத்தில் இருந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு ஆள் அனுப்பினார்.

வந்தவருக்கு அறுபது வயது இருக்கும். பானெட்டைத் திறந்தார், மீட்டரைக் கையில்கூட எடுக்கவில்லை. பாசிட்டிவ் வயரின் முனையில் போஸ்டைக் கவ்வும் கிளாம்பை இரண்டு விரலால் பிடித்துத் திருகினார். அது அப்படியே சுற்றியது. போல்ட் முழுக்க முறுக்கியிருக்கிறது, ஆனாலும் கிளாம்ப் சுற்றுகிறது.

"தம்பி, இது யார் மாட்டினது?"

"கடையிலதான் அண்ணே."

கிளாம்பைக் கழற்றிக் கையில் வைத்துக் காட்டினார். உள்ளே சுருட்டி வைத்த ஒரு தகடு. வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப்போயிருந்தது. துடைத்துப் பார்த்தால் சிவப்பு பெயின்ட், அதில் பாதி எழுத்து. கூல்டிரிங்க்ஸ் கேனை வெட்டிச் சொருகியிருக்கிறான்!

விஷயம் இதுதான். என் வண்டியின் கிளாம்ப் தடித்த போஸ்டுக்கானது, பாசிட்டிவ் சுமார் 19.5 மில்லிமீட்டர். கடையில் கொடுத்த பேட்டரியில் இருப்பது மெல்லிய போஸ்ட், பாசிட்டிவ் 14.7. ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியைக் கேன் தகடு அடைத்துக்கொண்டிருந்தது. அலுமினியம் கரன்டைக் கடத்தும் என்பது சரிதான். ஆனால் கேனுக்கு வெளியே பெயின்ட், உள்ளே பானம் தகட்டில் படாமல் இருக்க ஒரு பூச்சு. ஆக, வெட்டிய ஓரமும் கீறல் விழுந்த இடமும்தான் கரன்ட் போக வழி. அதுவும் பேட்டரி ஆசிட் ஆவி பட்டுப் பட்டு அரித்துப்போனது.

அப்படியானால் எல்லாருக்கும் 12.6 எப்படிக் காட்டியது? மீட்டரின் முனையை எல்லாரும் பேட்டரி போஸ்டில் வைத்தார்கள், கிளாம்பில் யாரும் வைக்கவில்லை. பேட்டரி நன்றாகத்தான் இருந்தது, கரன்ட் வெளியே வர வழிதான் இல்லை. பின்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த இணைப்பில் 0.01 ஓம் தடை என்றே வைத்துக்கொள்வோம். ஹெட்லைட் இரண்டுக்கும் 9 ஆம்பியர் போனால் இழப்பு 0.09 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. அதே இணைப்பில் செல்ஃப் 150 ஆம்பியர் இழுத்தால் 1.5 வோல்ட் அங்கேயே போய்விடும், கூடவே 225 வாட் சூடு. தடை இன்னும் ஏறினால் செல்ஃப் எங்கே சுற்றும்? லைட் பளிச், செல்ஃப் டொக் என்பதற்கு அர்த்தம் அதுதான். இதற்கான சோதனையும் சுலபம்: மீட்டரின் ஒரு முனை போஸ்டில், இன்னொன்று அதே பக்கத்துக் கிளாம்பில், ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.1, 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இணைப்பில் கோளாறு.

அண்ணன் அதோடு விடவில்லை. பேட்டரியை ஆட்டிக் காட்டினார், ஆடியது. இந்த வகைப் பேட்டரிக்கு அடியில் விளிம்பு கிடையாது, மேலே குறுக்குப் பட்டை போட்டு இரண்டு நீள போல்ட்டில் இழுத்துக் கட்ட வேண்டும். என் வண்டியில் அந்தப் பட்டை இல்லை. அதனால் பேட்டரி வந்த அட்டைப் பெட்டியின் தெர்மாகோலை உடைத்துப் பக்கத்தில் சொருகியிருந்தான் நம் பையன். பதினாறு மாதம் தெர்மாகோல் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. தொடர்ந்து ஆட்டம் கண்டால் உள்ளே பிளேட்டில் இருக்கும் மருந்து உதிர்ந்து பேட்டரியின் ஆயுசு குறையும் என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது அடுத்துச் சொன்னதுதான். இது பழையதைவிட உயரம், பாசிட்டிவுக்குச் சிவப்பு மூடியும் போடவில்லை, பானெட்டின் அடியில் போஸ்டுக்கு நேர் மேலே சின்னதாக ஒரு கீறல். பெரிய பள்ளத்தில் விழுந்து பேட்டரி எகிறியிருந்தால் அங்கேயே ஷார்ட்.

ஈயத்தில் செய்த புஷ், அதாவது வளையம், இரண்டை போஸ்டில் மாட்டி, கிளாம்பைத் தேய்த்து, இறுக்கினார். நைலான் கயிற்றால் பேட்டரியைக் கட்டினார், மேலே ட்யூப் ரப்பரை வைத்தார். 250 ரூபாய்தான் கேட்டார். கல்யாணத்துக்கு முகூர்த்தம் போய் பந்திக்குப் போய்ச் சேர்ந்தோம். அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவார்.

திரும்பி வந்ததும் தகட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "இத்தனை மாசம் ஓடிடுச்சுல்ல சார்" என்றார் அதே கல்லாக்காரர். வாரன்டி பேட்டரிக்குத்தானாம், ஃபிட்டிங்குக்குக் கிடையாதாம். சட்டப்படி அவர் சொல்வது சரியா என்று நான் போய்க் கேட்கவில்லை. என் வண்டிக்குப் பொருந்தாத வகையை விற்றீர்கள், பில்லில் என் வண்டி நம்பரும் மாடலும் உங்கள் கையெழுத்தில் இருக்கிறது, நுகர்வோர் ஆணையத்துக்கு எழுதட்டுமா என்று மட்டும் கேட்டேன். அரை மணி நேரம் இழுத்து, பேட்டரியைத் திரும்ப எடுத்துக்கொண்டு 2,000 ரூபாய் கொடுத்தார். செல்ஃபுக்கும் ஆல்டர்நேட்டருக்கும் அழுத 4,000 போனது போனதுதான். பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஸ்டாக் தள்ள வேண்டும் என்பதற்காக எதையாவது மாட்டு என்று அனுப்பினால் அவன் கேனைத்தான் வெட்டுவான்.

2023 நவம்பரில் வேறு கடையில் டிஐஎன் 44 வாங்கினேன். இந்த முறை பக்கத்திலேயே நின்றேன். நெகட்டிவ் முதலில் கழன்றது, அடி கிளாம்ப் விளிம்பைப் பிடித்தது, டெர்மினலைக் கையால் திருகிப் பார்த்தேன், அசையவில்லை. இறுக்கிய பிறகுதான் வேஸ்லின் தடவினார்கள். அதற்கப்புறம் ஒரு டொக் கிடையாது. கடிகாரமும் ஒழுங்காக ஓடுகிறது. மல்டிமீட்டர் ஒன்று வாங்கிவிட்டேன், மாதம் ஒரு முறை பார்ப்பேன். இரண்டு வருடம் தாண்டியும் ராத்திரி நிறுத்திய வண்டியில் காலையில் 12.6, எஞ்சின் ஓடும்போது 14.1. மழைக்காலத்தில் பத்து நாள் எடுக்காமல் போட்டபோது 12.4 வந்தது, ஒரு நீள ஓட்டத்தில் சரியானது.

மிச்சம் இருப்பது ட்ரேயில் ஆசிட் பட்ட இடத்தில் துரு. சமையல் சோடா கரைத்து ஊற்றிக் கழுவினேன், பரவுவது நின்றிருக்கிறது. பெயின்ட் வாங்கி வைத்து ஆறு மாதம் ஆகிறது, இன்னும் அடித்த பாடில்லை.