கை மூடிய படம் கேட்காமல் இரும்புக் கைக்கவசம் வாங்காதீர்கள்

நீளவாள் பயிற்சிக்கும் கவசச் சண்டைக்கும் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். வலது கட்டைவிரலில் இன்னும் கட்டு இருக்கிறது, இடது கையால்தான் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம், 14-ஆம் நூற்றாண்டின் மணற்கடிகை வடிவக் கைக்கவசம் வாங்கினேன். மணிக்கட்டில் குறுகி, முன்கைப் பக்கம் விரியுமே, அதேதான். 1.5 மில்லிமீட்டர் தடிமன், பதப்படுத்திய ஸ்பிரிங் ஸ்டீல், முழுவேகச் சண்டைக்கு ஏற்றது என்று தெளிவாகப் போட்டிருந்தார்கள். படத்தில் கை விரிந்திருந்தது, ஐந்து விரலிலும் தகடுகள் மீன் செதில் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று படிந்திருந்தன.

நான் ஏமாந்தது அந்தப் படத்தில்தான். வாளை யாரும் விரித்த கையால் பிடிப்பதில்லை. விரலை மடக்கும்போது அதன் முதுகுப்பக்கம் நீள்கிறது, தகடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன, ஏறியமர்ந்த பகுதி போதவில்லை என்றால் சரியாக மொளிக்கு மேலே இடைவெளி விழும், விரல்நுனியும் கடைசித் தகட்டைத் தாண்டி வெளியே வந்துவிடும். எனக்கு வந்ததில் இரண்டுமே நடந்தது. கட்டைவிரல் தகடு இன்னும் மோசம், ஒரே ஒரு தோல்பட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாவது ஆட்டம். எதிரில் நின்றவர் மேல் தவறே இல்லை, சாதாரண வெட்டு, வாள் சறுக்கி என் பிடிமேல் இறங்கியது. கட்டைவிரல் தகடு அப்படியே சுழன்று விலகிவிட, அடி நேராக விரலில் விழுந்து நுனி எலும்பு முறிந்தது. அதே அடியில் ஆள்காட்டி விரல் தகடும் உள்ளே குழிந்தது, குழிந்தது திரும்பவில்லை, விரலை நசுக்கிக்கொண்டே இருந்ததால் கவசத்தைக் கழற்றவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. நல்ல ஸ்பிரிங் ஸ்டீல் அந்த மாதிரி அடியில் வளைந்தாலும் பெரும்பாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும்.

அப்புறம் பிரித்துப் பார்த்தோம். தடிமன் அளக்கும் காலிப்பரில் 1 மில்லிமீட்டர்தான். உள்பக்கம் அரத்தை வைத்து இழுத்தால் முதல் இழுப்பிலேயே கடிக்கிறது, பதம் ஏற்றிய எஃகு அவ்வளவு எளிதில் இடம் கொடுக்காது. அடித்துப் பரப்ப வேண்டிய ரிவிட்டுக்குப் பதிலாக உள்ளீடற்ற பாப் ரிவிட், அதற்கும் வாஷர் கிடையாது. விரல் தகடுகளைக் கோக்கும் தோல்பட்டை பாதி இடத்தில் வெறும் பசையில் ஒட்டியிருந்தது.

விற்பனையாளருக்கு எழுதினால், "காந்தம் ஒட்டுகிறதே, ஸ்டீல்தான்" என்று பதில். காந்தம் பதம் ஏறாத மென்மையான மைல்ட் ஸ்டீலிலும்தான் ஒட்டும்! விடாமல் கேட்டதும், அது அலங்காரத்துக்கான பொருள், பயன்படுத்தியதைத் திரும்ப எடுக்க முடியாது என்றார்கள். விளம்பரத்தில் அலங்காரம் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. நான் வாங்கிய நாளில் எடுத்துவைத்த திரைப்பிடிப்பு இருக்கிறது, பணம் செலுத்திய வழியில் புகார் போட்டிருக்கிறேன்.

நீங்கள் வாங்குவதாக இருந்தால், வாள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்த நிலையில், மேலிருந்தும் கட்டைவிரல் பக்கமிருந்தும் படம் கேளுங்கள். உள்பக்க ரிவிட் தெரிகிற மாதிரி ஒன்று. தகட்டின் ஓரத்தில் காலிப்பர் வைத்து ஒன்று. எஃகு வாளோடு ஆடுவதென்றால் விரல் விரலாகப் பிரிந்ததைவிட, விரல்களைச் சேர்த்து மூடும் மிட்டன் வகை நல்லது என்பது என் எண்ணம், அடி ஒரே விரலில் நிற்காமல் தகடுகளில் பரவி வாள்பிடிக்கும் போகும். படம் அனுப்ப மறுத்தால் பணம் அனுப்பாதீர்கள்.