பாஸ் மீனுக்கு முதலில் எந்த லூரைக் கட்டுவது? டெக்சாஸ் ஏரிகளில் பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

லார்ஜ்மவுத் பாஸ் என்னும் நன்னீர் வேட்டை மீனைத் தேடிப் புறப்படுகிற புதியவர் முதலில் திகைப்பது, கடையின் சுவர் முழுக்கத் தொங்கும் லூர்களின் எண்ணிக்கையைக் கண்டுதான். அந்தச் செயற்கை இரைகளில் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு நாளில், ஏதேனும் ஓர் ஏரியில் மீனைப் பிடித்துத் தரக்கூடியவையே. ஆகவே, எது சிறந்த லூர் என்பதைக் காட்டிலும், விடியற்காலையில் படகை நீரில் இறக்கியதும் தூண்டில் நரம்பின் நுனியில் எதை முதலில் கட்டுவது என்பதையே டாலஸ் பகுதியில் வசிக்கும் நான் இத்தனை ஆண்டுகளாகக் கவனித்து வந்திருக்கிறேன். அதிக மீன் பிடித்துத் தருகிற லூரும் முதலில் கட்ட வேண்டிய லூரும் ஒன்றல்ல. மீன் இன்று எந்த ஆழத்தில் நிற்கிறது, பாசியை ஒட்டி நிற்கிறதா மரத்தை ஒட்டி நிற்கிறதா, துரத்தும் மனநிலையில் இருக்கிறதா என்பவற்றை விரைவில் தெரிவிப்பதே முதல் லூரின் வேலை. அந்த அளவுகோலை வைத்தே கீழே உள்ளவற்றை மதிப்பிட்டிருக்கிறேன்.

என் அனுபவத்தின் பெரும்பகுதி கிழக்கு டெக்சாஸில் உள்ள லேக் ஃபோர்க் ஏரியைச் சேர்ந்தது. ஏறத்தாழ 27,000 ஏக்கர் பரப்புள்ள அந்த நீர்த்தேக்கம் 1980இல் நீர் தேக்கப்பட்டு உருவானது. மூழ்கிய மரங்கள் இன்றும் பட்ட கட்டைகளாக அங்கே நிற்கின்றன. ஆழம் குறைந்த பகுதிகளில் ஹைட்ரில்லா பாசி அடர்ந்து வளர்கிறது. பாரி செயின்ட் கிளேர் என்பவர் 1992 ஜனவரியில் பிடித்த 18.18 பவுண்டு, அதாவது சுமார் எட்டேகால் கிலோ எடையுள்ள டெக்சாஸ் மாநிலச் சாதனை மீன் இந்த ஏரியில் கிடைத்ததுதான். அவர் அன்று தேடிச் சென்றது கிராப்பி என்னும் சிறிய நன்னீர் மீனை. சாதனை மீன் கொத்தியது உயிருள்ள சிறு மீனைக் கோத்த தூண்டிலில் என்பதை, லூர்களைப் பற்றி இவ்வளவு எழுதுகிற நானும் மறந்துவிடக் கூடாது.

கட்டைகளும் பாசியும் நிறைந்த இத்தகைய நீரில், ஆண்டின் பெரும்பாலான நாட்களில் நான் முதலில் கட்டுவது ஸ்பின்னர்பெய்ட். வளைந்த கம்பியின் ஒரு முனையில் ஈயத்தலையும் தூண்டில் முள்ளும் ரப்பர் இழைக் குஞ்சமும் இருக்க, மறுமுனையில் உலோகத் தகடுகள் சுழல்கின்றன. மேலே செல்லும் கம்பி முள்ளுக்குக் கவசமாக அமைவதால், மரக்கிளைகளுக்கு நடுவே இழுத்தாலும் இது எளிதில் சிக்குவதில்லை. நீண்ட இலை வடிவத் தகடு வேகமாக இழுக்கும்போது பளபளத்து, ஷாட் எனப்படும் வெள்ளிநிறச் சிறு மீன்களின் கூட்டத்தை நினைவூட்டுகிறது. வட்டத் தகடோ மெதுவாக இழுத்தாலும் நீரில் கனத்த அதிர்வை எழுப்புகிறது. பாஸ் மீன் உடலின் பக்கக்கோட்டு உறுப்பால் அந்த அதிர்வை உணர்வதால், மழைக்குப் பின் வரும் கலங்கல் நீரில் வட்டத் தகடே எனக்குப் பெரிதும் உதவியிருக்கிறது. காற்று வீசி நீர்ப்பரப்பு சிற்றலைகளால் கலைந்திருக்கும் நாளில் மீன் லூரை உற்றுப் பார்க்க முடியாது. பார்த்தவுடன் பாய்வதா விடுவதா என்று அது முடிவு செய்ய வேண்டியிருப்பதால், அத்தகைய நாட்களில் ஸ்பின்னர்பெய்ட் மிக விரைவாக விடை தருகிறது. ஒரு மணி நேரத்தில் நீளமான ஒரு கரையை முழுவதும் துழாவிவிட முடிவது இதன் பெரிய பலம். மீன் கொத்தாமல் பின்தொடர்ந்து வந்து திரும்பிவிட்டால்கூட அது எனக்கு ஒரு செய்திதான். அதே இடத்தில் மெதுவான லூர் ஒன்றைப் போட வேண்டும் என்று பொருள். குறை என்று சொன்னால், பெரிய மீன்கள் சிலவற்றுக்குப் பின் கம்பி கோணி, லூர் பக்கவாட்டில் சாய்ந்து வரத் தொடங்கும். அவ்வப்போது கையால் நேராக்க வேண்டும்.

குளிர்காலத்தின் கடைசியில், பிப்ரவரி தொடங்கி மார்ச் வரை, அந்த முதலிடத்தை, மீன் வடிவக் கெட்டி லூரான கிரேங்க்பெய்ட்டில் மூக்கருகே அலகு போன்ற தகடு இல்லாத வகை எடுத்துக்கொள்கிறது. தட்டையான உடலுக்குள் குண்டுமணிகள் கலகலக்கும் இந்த லூரை, நீரின் வெப்பம் 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் வேளையில், முளைத்து எழும் ஹைட்ரில்லாவின் உச்சியை உரசும்படி இழுக்க வேண்டும். பாசியில் அது மாட்டும்போது பொறுமையிழந்து படகை நகர்த்தாமல் தூண்டில் கோலான ராடைச் சுண்டினால், பாசியைக் கிழித்துக்கொண்டு லூர் விடுபடும் அந்தக் கணத்தில்தான் பெரும்பாலான மீன்கள் கொத்துகின்றன. டெக்சாஸில் இந்தப் பருவத்துக்குச் சிவப்பு நிறத்தையே பலரும் விரும்புகிறார்கள். கிழக்கு டெக்சாஸின் சாம் ரேபர்ன் ஏரியின் பெயரைத் தாங்கிய ஒரு சிவப்புச் சாயலே கடைகளில் விற்கப்படுகிறது; நன்னீர் இறாலைப் போன்ற கிராஃபிஷ் அந்தப் பருவத்தில் பாஸின் இரையாக இருப்பதை இதற்குக் காரணமாகச் சொல்வார்கள். பட்டமரக் காட்டுக்குள் மட்டும் இதை வீசக் கூடாது. இரண்டு மும்முனை முட்களும் கிளையைப் பற்றிக்கொண்டால் லூரை ஏரிக்கே தானம் செய்ய வேண்டியதுதான்.

சென்கோ வகை மென்புழுவைப் பற்றி நான் சொல்லப்போவதைப் பல நண்பர்கள் ஏற்க மாட்டார்கள். கேரி யமமோட்டோ வடிவமைத்து, பின்னர் பலரும் பின்பற்றிய இந்த எளிய குச்சி வடிவப் புழு, எனக்கு மற்ற எல்லா லூர்களையும் விட அதிக மீன் தந்திருக்கிறது. நடுவில் முள்ளைக் கோத்து, எடை எதுவும் சேர்க்காமல் நீரில் விட்டால், உப்பு கலந்த உடலின் கனத்தால் இரு முனைகளும் நடுங்கியபடி மெல்ல இறங்கும். கொத்தாத மனநிலையில் உள்ள மீனையும் அது கொத்த வைக்கிறது. ஆனால் ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். அறியாத ஏரியில் இதையே முதலில் கட்டினால், காலை முழுவதும் மீனற்ற ஒரு மூலையிலேயே கழிந்துவிடக்கூடும். படகிலிருந்து மீன்பிடிப்பவருக்கு இது இரண்டாவது லூர். கரையில் நின்று வீசுபவருக்கோ, தேடிச் செல்லும் பரப்பே குறைவு என்பதால், இதுவே முதல் லூர். குளிர்ந்த வடகாற்று வீசி ஓய்ந்த மறுநாள், வானம் துடைத்துவிட்டது போல் இருந்து நீரும் தெளிந்து அசையாமல் கிடந்தால், படகிலிருந்தாலும் நான் இதிலிருந்தே தொடங்குகிறேன். சில மீன்களிலேயே புழு கிழிந்துவிடும் என்பதால், நடுவில் சிறு ரப்பர் வளையம் மாட்டி, முள்ளை அந்த வளையத்தில் கோப்பது செலவைக் குறைக்கும்.

கோடையில் விடியலின் முதல் அரை மணி நேரம் நீர்மேல் துள்ளும் பாப்பர் என்னும் லூருக்கு உரியது. வெயில் ஏறியபின் அதை நான் தொடுவதில்லை. பாசி மேற்பரப்பு வரை மூடியிருந்தால் உள்ளீடற்ற தவளை லூரே போதும். தமிழகத்துக் குளங்களில் விராலுக்குத் தவளை லூர் வீசிப் பழகியவருக்கு இதில் புதிதாகக் கற்க அதிகம் இல்லை. மீன் பாய்ந்தவுடன் சுண்டிவிடாமல், நரம்பு இறுகும் வரை பொறுக்கும் அதே பழக்கம் இங்கும் செல்லும்.

நிறத்தைப் பற்றி நடக்கும் வாதங்களில் எனக்கு ஆர்வம் குறைவு. பாஸின் கண்ணில் சிவப்பையும் பச்சையையும் உணரும் இருவகைக் கூம்புச் செல்களே உள்ளன. கறுப்பையும் நீலத்தையும், வெள்ளையையும் வெளிர்மஞ்சள் பச்சையையும் பிரித்தறிய அது தடுமாறுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஸ்பின்னர்பெய்ட்டில் வெள்ளை, மென்புழுவில் தெளிந்த நீருக்குப் பச்சைப் பூசணி நிறம், கலங்கல் நீருக்குக் கறுப்பு என்பதற்கு மேல் நான் வாங்குவதில்லை. ஒரே ராடு மட்டும் உள்ளவர் 10 கிராம் எடையுள்ள வெள்ளை ஸ்பின்னர்பெய்ட் ஒன்றும், ஐந்து அங்குல மென்புழு ஒரு பொட்டலமும் வாங்கினால் முதல் ஆண்டுக்குப் போதும். அரை மணி நேரம் எதுவும் கொத்தாவிட்டால், லூரை மாற்றுமுன் ஆழத்தை மாற்றிப் பார்க்க வேண்டும்.

பராமரிப்பில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். இழுபடும் தன்மை கொண்ட புதுவகை நெகிழிப் புழுக்களையும் சாதாரண மென்புழுக்களையும் ஒரே பெட்டியில் வைத்தால், இரண்டும் ஒன்றோடொன்று வினைபுரிந்து கூழாகிவிடும். அவற்றை வாங்கிய பொட்டலத்திலேயே வைத்திருப்பது நல்லது. டெக்சாஸ் கோடையில் மூடிய காருக்குள் விட்டுச் செல்லும் மென்புழுக்களும் கோணிப்போகும். அப்படிக் கோணியவை நீரில் நேராக இறங்காமல் சுழன்று நரம்பை முறுக்கிவிடும் என்பதால், கொதிநீரில் சற்று நேரம் இட்டு, நேராகக் கிடத்தி ஆறவிட்டு, மறுபடி பயன்படுத்துகிறேன்.